மேல் வீட்டுக் காலடிச் சத்தம் இவ்வளவு கேட்பது ஏன்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் அடித்துக்கொண்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. காரணம் என்னவென்று பார்த்தால் நாற்காலி இழுத்த சத்தம், குழந்தை ஓடிய சத்தம், ராத்திரியில் போட்ட வாஷிங் மெஷின். படிப்பவருக்கு "இதற்கா இவ்வளவு?" என்றுதான் தோன்றும். மேல் வீட்டுக்காரர் "நாங்கள் சாதாரணமாகத்தான் நடக்கிறோம்" என்கிறார். கீழ் வீட்டுக்காரர் "தலைமேல் இடி விழுகிறது" என்கிறார். இருவரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று அசோசியேஷன் கூட்டத்தில் முடிவுகட்டிவிடுவார்கள்.

பெரும்பாலான வழக்குகளில் இருவர் சொல்வதும் உண்மை. அது எப்படி என்று புரிந்துகொள்ளக் கட்டிடம் சத்தத்தை எப்படிக் கடத்துகிறது, காது அதை எப்படி வாங்குகிறது, சட்டம் எந்த இடம் வரை வரும் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

சத்தம் வரும் இரண்டு வழிகள்

அடுத்த வீட்டிலிருந்து வரும் சத்தம் எல்லாம் ஒரே வகை இல்லை.

1. காற்றுவழிச் சத்தம். பேச்சு, டிவி, பாட்டு, நாய் குரைப்பு எல்லாம் இதில் சேரும். காற்றில் பிறந்த ஒலி சுவரில் மோதி, சுவரை லேசாக அதிரவைத்து, மறுபக்கத்துக் காற்றில் மீண்டும் சத்தமாகிறது. சுவர் கனமாக இருந்தால் அதிர்வது குறையும். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் அது தடுக்கும் அளவு சுமார் 5 முதல் 6 டெசிபல் கூடும் என்பது தோராயக் கணக்கு. இடைவெளி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. 50 டெசிபல் தடுக்கக்கூடிய நல்ல சுவராகவே இருக்கட்டும். அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவின் அடியில் விடப்படும் சந்தும் குழாய் நுழையும் ஓட்டையும் அற்பமானவை இல்லை என்பது இதனால்தான்.

2. கட்டுமானவழிச் சத்தம். காலடி, நாற்காலி இழுப்பு, கைதவறி விழும் பாத்திரம், சுவரில் துளை போடும் டிரில், அதிரும் மோட்டார் ஆகியவை கட்டிடத்தையே நேரடியாகத் தட்டுகின்றன. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கான்கிரீட்டில் 3,000 மீட்டருக்கும் மேல். வேகத்தைவிட முக்கியம், அந்த அதிர்வு கான்கிரீட்டுக்குள் அதிகம் தேயாமல் போகிறது என்பது. தளம், தூண், சுவர் எல்லாம் ஒரே வார்ப்பாக இணைந்திருக்கும் கட்டிடத்தில் அதை நடுவில் நிறுத்த எதுவும் இல்லை.

இருவர் சொல்வதும் உண்மையாவது இரண்டாவது வகையில்தான். மேலே நடப்பவர் குதிகாலை ஊன்றும்போது அந்த அடியின் ஆற்றல் தளத்துக்குள் இறங்கிவிடுகிறது. அவர் காதுக்கு வருவது லேசான ஒரு தட்டல், அதுவும் தானே எதிர்பார்த்த தட்டல். கீழ் வீட்டிலோ கூரை முழுவதும் அதிர்ந்து ஒலிபெருக்கியாக வேலை செய்கிறது. ஒரே அடி, மேலே ஒரு புள்ளியில் விழுகிறது. கீழே ஓர் அறை அளவு பரப்பிலிருந்து கேட்கிறது. மேல் வீட்டுக்காரருக்குத் தான் எழுப்பும் சத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவர் ஒருமுறை கீழ் வீட்டில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

டெசிபல் எண்ணை எப்படிப் படிப்பது?

சண்டை முற்றியதும் யாராவது போனில் ஒரு செயலியை இறக்கி, "பாருங்கள், 38 காட்டுகிறது" என்று நிற்பார். அந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?

1. டெசிபல் மடங்குக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். ஆற்றல் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே மேலே இரண்டு குழந்தைகள் ஓடுகிறார்கள், ஒரு குழந்தையை உட்காரவைத்துவிட்டார்கள் என்றால் கீழே குறைவது 3 டெசிபல்தான். பெற்றோர் பாதிப் பாடுபட்டு முடித்துவிட்டார்கள். கீழ் வீட்டுக்காரருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. "சொல்லியும் கேட்கவில்லை" என்ற புகார் இப்படியும் பிறக்கிறது.

2. சராசரி ஏமாற்றும். பல அளவீடுகள் ஒரு கால அளவின் சராசரியைக் காட்டுகின்றன. மணிக்கு ஐந்து முறை விழும் 'டொம்' என்ற ஓசை அந்தச் சராசரியில் கரைந்துபோகும். தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஐந்து டொம்தான். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனால்தான் படுக்கையறைக்கு இரண்டு எண்களைத் தருகிறது: இரவு முழுவதற்கும் சராசரி 30 டெசிபல், தனித்தனியாக வரும் சத்தத்துக்கு உச்சம் 45 டெசிபல்.

3. கனத்த ஓசை எண்ணில் சிறுத்துவிடும். வழக்கமான 'ஏ' அளவுகோல் காதின் இயல்பைப் பின்பற்றித் தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துக் காட்டும். 50 ஹெர்ட்ஸில் அது கழிப்பது சுமார் 30 டெசிபல். குதிகால் ஊன்றும் ஓசையின் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. அதோடு, போனின் மைக் பேச்சைப் பிடிப்பதற்காக அமைக்கப்பட்டது. செயலி காட்டும் எண் சின்னதாக இருந்தாலும் நெஞ்சில் அதிர்வு தெரிவது கற்பனை இல்லை.

4. சுற்றுப்புறம் மாறுகிறது. பகலில் தெருச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். இரவு பதினொரு மணிக்கு அந்த மூடி இல்லை. மேல் வீட்டில் அதே ஆள் அதே மாதிரி நடந்தாலும், கீழே எடுப்பாகக் கேட்கும். வெளிச் சத்தம் புகாத நல்ல ஜன்னல் போட்ட வீடுகளில் அயல் வீட்டுச் சத்தம் அதிகமாகிவிட்டதாகத் தோன்றுவதும் இப்படித்தான். கூடியது எதுவும் இல்லை, மறைத்துக்கொண்டிருந்தது போய்விட்டது.

தளம் எப்படிச் சோதிக்கப்படுகிறது?

ஒரு தளம் காலடிச் சத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அறிய உலகம் முழுக்கப் பயன்படும் கருவி ஒன்று உண்டு. அரைக் கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்கள் ஒரே வரிசையில் இருக்கும். 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து நொடிக்குப் பத்து முறை தளத்தைத் தட்டும். கீழ் அறையில் மைக் வைத்து அளப்பார்கள்.

இந்தச் சுத்தியல் எழுப்புவது கடினமான, கூர்மையான தட்டல். செருப்புக் குதி, விழும் கரண்டி போன்றவற்றுக்கு அது பொருந்தும். குழந்தை சோபாவிலிருந்து குதிப்பதற்குப் பொருந்தாது. மெத்தையான கனமான பாதம் தளத்தையே வளைத்துவிடும். அதிலிருந்து வருவது 'டிக்' இல்லை, 'தொம்'. இதைச் சோதிக்க 2.5 கிலோ எடையுள்ள ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடும் முறை பிறகு சர்வதேசத் தரத்தில் சேர்ந்தது. வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கும் சமூகங்களுக்குச் சுத்தியலைவிட இந்தப் பந்துதான் பொருத்தம் என்பது என் கருத்து.

இரண்டும் வேறு என்பதால் மருந்தும் வேறு. தரைமேல் விரிப்பு போட்டால் 'டிக்' வெகுவாகக் குறையும். 'தொம்' ஏறக்குறைய அப்படியே இருக்கும். 'தொம்' குறையத் தளம் கனமாக இருக்க வேண்டும், அல்லது தளத்துக்கும் மேல்பூச்சுக்கும் நடுவில் நெகிழ்வான ஓர் அடுக்கு இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வகைக்கு மிதக்கும் தரை என்று பெயர். கட்டும்போதே போட்டால் பலன் நன்றாக இருக்கும். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் சிமென்ட் வழிந்து சுவரைத் தொட்டுவிட்டால் அதிர்வு அந்த வழியாகவே கடந்துவிடும். வரைபடத்தில் சரியாக இருந்து வேலையில் கோட்டைவிடுவது இங்கே சகஜம்.

இதை அரசே கையிலெடுத்த நாடு தென் கொரியா. அங்கே மக்களில் பெரும்பகுதி அடுக்குமாடியில் வசிக்கிறார்கள். சுவர்களே பாரம் தாங்கும் வகைக் குடியிருப்புகளில் தளத்தின் கனம் குறைந்தது 210 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. தளச் சத்தத் தகராறுகளில் பேசித் தீர்க்க உதவும் மையம் ஒன்று 2012-இல் தொடங்கப்பட்டது. அப்படியும் புகார் நிற்கவில்லை. மாதிரித் துண்டை ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வாங்கினால் போதும் என்ற பழைய முறை மாறி, கட்டி முடித்த கட்டிடத்திலேயே அளந்து பார்க்கும் முறை 2022-இல் நடைமுறைக்கு வந்தது. 2023-இல் ஓடுவது, குதிப்பது போன்ற நேரடிச் சத்தத்துக்கான ஒரு நிமிடச் சராசரி வரம்பு பகலில் 39 டெசிபல், இரவில் 34 டெசிபல் என்று இறுக்கப்பட்டது. சான்றிதழ் ஒன்று, நிஜத் தளம் வேறு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதாகவே அந்த 2022 மாற்றத்தைப் படிக்க வேண்டும்.

குற்றவாளி எந்த வீடு?

மேலிருந்து கேட்டால் மேல் வீடு என்று நினைப்பது இயல்பு. தவறுவதும் இங்கேதான். அதிர்வு சுவர் வழியாகவும் தூண் வழியாகவும் பக்கவாட்டில் போகும். குறுக்கே இரண்டு மாடி தள்ளி இருக்கும் வீட்டில் ஓடும் மோட்டார் உங்கள் கூரையை அதிரவைக்கலாம். இடது வலது வித்தியாசத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் காது, தாழ்ந்த ஓசையில், அதுவும் மூடிய அறைக்குள், தடுமாறிப்போகும். மேல் வீடு பூட்டியிருக்கும் நாளிலும் சத்தம் வந்தது என்ற கதைகளில் பேய்க்கு வேலை இல்லை.

சில சத்தங்களின் பிறப்பிடம் வீடே இல்லை. குழாயைச் சட்டென்று மூடினால் உள்ளே ஓடிய நீர் நிற்க இடமில்லாமல் குழாயை உதைக்கும். சுவரில் இறுக்கிப் பொருத்திய குழாயானால் அது சுத்தியலடி போலக் கேட்கும். லிஃப்ட் இயந்திரம், தண்ணீர் ஏற்றும் பம்ப், வெயிலில் விரிந்து ராத்திரியில் சுருங்கும் உலோகத் தகடு எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

நீர்க்கசிவுக்கும் இதே கதைதான். கூரையில் ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்க வேண்டும் என்றில்லை. நீர் தளத்தின் சரிவில் நகர்ந்து, விரிசல் கிடைத்த இடத்தில் இறங்கும். சத்தமோ ஈரமோ, ஆளைச் சுட்டும் முன் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி நேரக் குறிப்பு. நாலைந்து நாள் எந்த நேரத்தில், எந்த மாதிரிச் சத்தம், எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்தால் ஒரு ஒழுங்கு தெரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்து ஒரே அளவு நேரம் நீடித்தால் அது மனிதர் இல்லை, பம்ப்.

காதுக்குப் பின்னால் நடப்பது

ஒலியின் அளவு மட்டுமே எரிச்சலைத் தீர்மானிப்பதில்லை. சத்தத்தைப் பற்றி நடந்த ஆய்வுகள் அரை நூற்றாண்டாக இதைத்தான் சொல்லி வருகின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் நடத்தி 1972-இல் தொகுத்து வெளியிட்ட சோதனைகள் இதில் முக்கியமானவை. ஒரு குழுவுக்கு ஒழுங்கான இடைவெளியில் சத்தம். இன்னொரு குழுவுக்கு எப்போது வரும் என்று தெரியாத சத்தம். சத்தம் இருக்கும்போது இரு குழுவும் ஓரளவு சமாளித்துவிட்டன. வித்தியாசம் தெரிந்தது சத்தம் நின்ற பிறகு: எப்போது வரும் என்று தெரியாமல் கேட்டவர்கள் கடினமான புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள், பிழை திருத்தும் வேலையில் அதிகம் தவறவிட்டார்கள்.

இன்னொரு சோதனையில் சிலரிடம் ஒரு பொத்தானைக் கொடுத்து, "தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும், முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்" என்றார்கள். அவர்கள் அழுத்தவில்லை. கேட்டதோ அதே சத்தம். ஆனாலும் பொத்தான் இல்லாதவர்களைவிடப் பிறகு நன்றாக வேலை செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே பாதிச் சுமையை இறக்கிவிட்டது.

கீழ் வீட்டுக்காரரின் நிலைமையை இதோடு பொருத்திப் பாருங்கள். எப்போது வரும் என்று தெரியாது. நிறுத்தப் பொத்தானும் இல்லை. போதாததற்கு மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: அர்த்தம். மழை கூரையில் கொட்டும் சத்தம் காலடியைவிடப் பலமானது, ஆனால் மழைக்கு உள்நோக்கம் இல்லை. "வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்ற எண்ணம் வந்த நிமிடத்திலிருந்து அதே சத்தம் வேறு சத்தமாகிவிடுகிறது. அப்புறம் காது காத்திருக்கத் தொடங்கும். சத்தம் இல்லாத நேரத்திலும் அடுத்தது எப்போது என்று கவனித்துக்கொண்டிருப்பவருக்கு ஓய்வு என்பதே கிடையாது. இந்தக் கட்டத்துக்கு வந்தவரிடம் "இதையெல்லாம் கண்டுக்காதீங்க" என்பது பயனற்ற அறிவுரை. அவரால் முடிந்திருந்தால் எப்போதோ செய்திருப்பார்.

முதல் சில வாரங்களிலேயே நல்லபடியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பொறுத்துப் பொறுத்து ஒரு வருடம் கழித்துச் சொல்பவர் ஒரு வருடக் கோபத்தைச் சேர்த்துச் சொல்வார். மேல் வீட்டுக்காரருக்கோ அதுதான் முதல் நாள்.

சட்டம் எதுவரை வரும்?

இங்கிலாந்தில் 1879-இல் முடிந்த ஒரு வழக்கு சட்டமும் பொருளாதாரமும் படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு மிட்டாய் தயாரிப்பாளர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் சமையற்கட்டில் உரலில் இடித்துவந்தார். பக்கத்து மனையில் குடிவந்த மருத்துவர், தோட்டத்தின் கோடியில் அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். அறை வந்த பிறகுதான் இடிக்கும் சத்தம் தொந்தரவானது. நீதிமன்றம் மருத்துவர் பக்கம் தீர்ப்பளித்தது. முன்னால் வந்தவர் என்பதாலேயே உரிமை வந்துவிடாது என்பதோடு, ஒன்று தொந்தரவா இல்லையா என்பது அந்த வட்டாரத்தின் தன்மையைப் பொறுத்தது என்பதும் அதில் பதிவானது.

பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960-இல் இதே வழக்கை எடுத்து வேறு கோணத்தில் திருப்பினார். மிட்டாய்க்காரர் மருத்துவருக்குத் தீங்கு செய்கிறார் என்று மட்டும் பார்த்தால் போதாது. அவரைத் தடுத்தால் மருத்துவர் அவருக்குத் தீங்கு செய்கிறார். இருவரும் ஒட்டி இருப்பதுதான் பிரச்சினை. ஆகவே யாருக்குச் சரிசெய்வது சுலபம் என்று கேட்பது யார் குற்றவாளி என்று கேட்பதைவிடப் பயனுள்ளது. பேரம் பேசும் செலவு இல்லாவிட்டால் இருவரும் பேசியே நல்ல ஏற்பாட்டுக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. அடுக்குமாடியில் அந்தச் செலவு பணமாக இருப்பதில்லை. ரோஷமாக இருக்கிறது.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 1999-இல், அப்போது இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வழக்கு. லண்டனில் பழைய மாநகராட்சிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள், அடுத்த வீட்டாரின் அன்றாட வாழ்க்கை முழுவதும் தங்களுக்குக் கேட்கிறது என்று முறையிட்டார்கள். அண்டை வீட்டார் அத்துமீறினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சுவரும் தளமும்தான் சத்தத்தைத் தடுக்கவில்லை. துன்பம் உண்மை என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் ஒரு வீட்டை வீடாகச் சாதாரணமாகப் பயன்படுத்துவது சட்டப்படித் தொந்தரவு ஆகாது. உள்ளபடியே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதை மேம்படுத்தித் தரக் கேட்கவும் முடியாது என்றார்கள். மனுதாரர்கள் தோற்றார்கள்.

இந்தத் தீர்ப்பு இங்கிலாந்துக்கு உரியது. மற்ற நாடுகளின் சட்டம் வேறுபடும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு ஒலிபெருக்கி வைப்பவரைச் சட்டத்தால் பிடிப்பதைப் போல, எட்டு மணிக்கு நடப்பவரைப் பிடிக்க முடியாது என்ற சிக்கல் எங்கும் உள்ளதுதான். காவல் நிலையத்தில் எடுத்துக்கொள்ளாத புகார்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் இதைப் புரிந்துகொள்வது தவறு.

எது பலன் தரும், எது தராது

1. நாற்காலி, மேசைக் கால்களில் கம்பளிப் பட்டை ஒட்டுவதற்கு இணையாகக் குறைந்த செலவில் பலன் தருவது வேறு எதுவும் இல்லை. இழுக்கும்போது கால் தரையில் பிடித்து விடுபட்டு, பிடித்து விடுபட்டுத்தான் அந்தக் கீச்சொலி வருகிறது. பட்டை அந்தப் பிடிப்பையே போக்கிவிடும். மண் ஏறித் தேய்ந்த பட்டை வேலை செய்யாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

2. குழந்தை விளையாடும் இடத்தில் கனமான விரிப்பும் அடியில் தடித்த நுரை அல்லது ரப்பரும் போடலாம். விழும் பொம்மைச் சத்தம் நன்றாகக் குறையும். குதிக்கும் சத்தம் ஓரளவுதான். அதற்கு இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே வழி. ஒருவர் தூங்கும் அறைக்கு மேலே இல்லாமல் வேறு அறையில் ஓடினாலே பாதி தீர்ந்தது.

3. வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் பிழியும்போது நொடிக்கு 20 முறை தளத்தை உலுக்குகிறது. நான்கு காலும் சமமாக நிற்கிறதா, சுவரைத் தொடுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். அடியில் வைக்கும் ரப்பர் பட்டைகள் மெஷினின் எடைக்குப் பொருந்தினால்தான் பலன்.

4. ஒலிபெருக்கியைத் தரையிலும் பொதுச் சுவரிலும் வைக்காமல் இருப்பது நல்லது. ஒலி அளவைக் குறைப்பதைவிட 'பாஸ்' ஓசையைக் குறைப்பது அடுத்த வீட்டுக்கு அதிக நிம்மதி.

5. சுவரில் ஒட்டும் நுரைத் தகடுகள் அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது. அவை அறைக்குள் எதிரொலியை உறிஞ்சுபவை. உறிஞ்சுவதும் தடுப்பதும் வேறு வேறு வேலை. தடுக்க எடை வேண்டும், அந்தத் தகட்டில் எடையே இல்லை. இதில் பணத்தை விட்டவர்கள் ஏராளம்.

6. பொய்க்கூரை போட்டால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. கம்பியில் இறுக்கமாகத் தொங்கவிட்டால் அதிர்வு கம்பி வழியே இறங்கும். நெகிழ்வான தொங்கிகள், கனமான பலகை, நடுவில் கம்பளி நிரப்பு, ஓரத்தில் சந்தே இல்லாத அடைப்பு என நான்கும் சேர்ந்தால் பலன் உண்டு. அப்போதும் சுவர் வழியாக வருவது வரும்.

7. கேட்பவர் பக்கத்தில் உடனடி உதவி, ஒரே சீரான மெல்லிய ஓசை. மின்விசிறி போதும். சத்தத்தை அது குறைப்பதில்லை. சத்தத்துக்கும் நிசப்தத்துக்கும் நடுவிலுள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறது. காதடைப்பான் பேச்சுக்கு நன்றாக உதவும், 'தொம்' ஓசைக்குக் குறைவாக.

துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் கட்டுமானவழிச் சத்தம்தான். மேல் வீட்டுக்குப் போவதோடு பக்கத்து வீடுகளுக்கும் போகும். ஒரு புகார்தாரர் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர்.

சொல்வது எப்படி?

சத்தம் வந்துகொண்டிருக்கும் நிமிடத்தில் மேலே ஏறிப்போனால் பேச்சு சண்டையாகத்தான் முடியும். மறுநாள் பகலில், கையில் நேரக் குறிப்போடு, ஒருவர் மட்டும் போவது உத்தமம். "ஏன் இப்படிச் சத்தம் போடுறீங்க?" என்பதற்கும் "ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஏதோ இழுக்கிற மாதிரிக் கீழே கேட்குதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை, ஒருதரம் வந்து கேட்டுப் பாருங்க" என்பதற்கும் வித்தியாசம் மரியாதை மட்டும் இல்லை. முன்னது குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. அதை ஒருவர் மறுத்தே ஆக வேண்டும். பின்னது தகவல், சரிபார்க்கலாம். மேல் வீட்டுக்காரர் கீழே வந்து உட்கார, அவர் வீட்டில் யாராவது வழக்கம்போல நடந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடியும். சில நேரம் அந்தச் சோதனையில் சத்தமே வராது. அப்போது தேட வேண்டியது வேறு வீட்டை.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது மோசமான முதல் படி. நூறு பேர் பார்க்க ஒருவரைக் குறிப்பிட்டால் அவர் சத்தத்தைப் பற்றி யோசிக்க மாட்டார், தன் மானத்தைப் பற்றித்தான் யோசிப்பார்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ராபர்ட் எலிக்சன் கலிபோர்னியாவின் சாஸ்டா வட்டாரத்தில், ஒருவர் மாடு இன்னொருவர் நிலத்தில் மேய்ந்த தகராறுகளை ஆராய்ந்து 1991-இல் எழுதினார். அங்கே பலருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்றே சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் தீர்த்துக்கொண்டார்கள். மனத்துக்குள் வரவு செலவுக் கணக்கு வைத்துக்கொண்டு, சின்ன நஷ்டத்தைப் பொறுத்து, எல்லை மீறினால் முதலில் எச்சரித்து, அப்புறம்தான் கடுமை காட்டினார்கள். இது வேலை செய்யக் காரணம், அவர்கள் தலைமுறையாக அருகருகே இருக்கப்போகிறவர்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பிவிடும் அடுக்குமாடியில் அந்தக் கணக்கு சேர நேரமே இல்லை. பெயர் தெரியாத ஒருவருக்காக யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. சத்தத்துக்கு முன்பே பழக்கம் இருந்த வீடுகளில் புகார் மென்மையாக வருவது இதனால்தான். பழக்கம் இல்லாத இடத்தில் எழுதப்பட்ட விதி அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

அசோசியேஷன் விதி எப்படி இருக்க வேண்டும்?

"மற்றவர்களுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது" என்று எழுதிய விதி எதையும் தீர்க்காது. தொந்தரவு எது என்பதுதானே சண்டையே. நேரமும் செயலும் சேர்ந்து இருக்க வேண்டும்: இன்ன மணிக்கு மேல் டிரில் கூடாது, மெஷின் கூடாது, பொருள்களை இழுக்கக் கூடாது என்பது போல. விசேஷமோ மராமத்தோ என்றால் முன்கூட்டியே தேதியும் நேரமும் அறிவிக்க வேண்டும். எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தை மனிதர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குத் தாங்கிக்கொள்வார்கள். நடவடிக்கை படிப்படியாக இருக்கட்டும்: பேச்சு, எழுத்து, பிறகுதான் அபராதம். பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் கண்ட பொது அம்சங்களில் ஒன்று இந்தப் படிப்படியான தண்டனை.

பெரும்பாலான விதிப் புத்தகங்களில் விடுபட்டுப்போவது தரை மாற்றம். மெத்தென்ற தரைவிரிப்பை எடுத்துவிட்டு டைல்ஸோ மரப்பலகையோ போட்டால் கீழ் வீட்டில் தட்டல் சத்தம் ஒரே நாளில் கூடிவிடும். வருடக்கணக்காக நட்பாக இருந்தவர்கள் மராமத்துக்குப் பிறகு முறைத்துக்கொள்வதன் பின்னணி பல இடங்களில் இதுதான். தரை மாற்றுபவர் அடியில் நெகிழ்வான அடுக்கு போட வேண்டும், டைல்ஸ் ஒட்டும் முன் சுவரோரம் சிமென்ட் தொடாமல் இருக்கிறதா என்று அசோசியேஷன் ஆள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். ஒட்டிய பிறகு என்றால் உடைத்துத்தான் சரிசெய்ய முடியும், அதற்கு எந்த வீட்டுக்காரரும் சம்மதிக்கமாட்டார்.